ஒரே மரபு, மூன்று பெண்கள், மூன்று பார்வைகள்

மாற்றமும் மாறுபட்ட பார்வைகளும் தனிமனிதரையும் சமூகத்தையும் எப்படி உருவாக்குகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே ஒரு சந்தேகத்தையும் எழுப்பியிருக்கிறீர்கள்: நல்லெண்ணம் கொண்ட இருவர் ஒரே விஷயத்தில் நேர் எதிராகப் பேசினால், அவர்களில் ஒருவர் தவறாகத்தானே இருக்க வேண்டும்? இதற்குப் பொதுப்படையாகப் பதில் சொன்னால் எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போய்விடலாம். யாருக்கும் பயன் இருக்காது. அதனால் நான் பல ஆண்டுகளாகப் படித்தும் கற்பித்தும் வருகிற ஒரு வரலாற்றை எடுத்துக்கொள்கிறேன். சென்னை மாகாணத்தில் தேவதாசி முறை ஒழிந்த வரலாறு அது. 1927-ல் சட்டசபையில் தீர்மானமாகத் தொடங்கி 1947-ல் சட்டமாக முடிந்தது. அந்த 20 ஆண்டுகளில் எதிரெதிர் அணிகளில் நின்ற பெண்களில் மூவர் அந்த ஒரே மரபோடு பிறப்பாலோ வளர்ப்பாலோ பிணைந்தவர்கள். மூவரும் பொய் சொல்லவில்லை. மூவரும் கண்டது வேறு வேறு.

முதலில் அந்த முறை என்னவாக இருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு ஒன்றில் ராஜராஜ சோழன் பல ஊர்க் கோயில்களிலிருந்து வரவழைத்துக் குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயில் ஊழியப் பெண்களின், பெயர்கள் வரிசையாக வெட்டப்பட்டிருக்கின்றன. எந்த ஊரிலிருந்து வந்தவள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீட்டில் இருப்பவள் என்பது வரை அதில் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. ஆண்டுக்கு 100 கலம் நெல். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இத்தனை பெண்கள் தங்கள் பெயராலேயே ஆவணத்தில் நிற்பது சாதாரண விஷயம் அல்ல. அந்த 400 பேரின் வாழ்வும் 19-ஆம் நூற்றாண்டுத் தேவதாசியின் வாழ்வும் ஒன்றே என்று சொல்ல மாட்டேன்; இடையில் எவ்வளவோ மாறியிருக்கிறது. ஆனால் கோயில் ஊழியமும் அதற்கான மானியமும் பெண் வழியாகவே இறங்கும் என்ற அமைப்பு பின்னாளிலும் தொடர்ந்தது.

பின்னாளைய வழக்கப்படி, சிறுமிக்குக் கோயிலில் பொட்டுக் கட்டுவார்கள். தெய்வத்தின் முன்னிலையில் கட்டப்படும் அந்தத் தாலிக்குப் பிறகு அவளுக்கு மனித மணம் கிடையாது. தெய்வத்துக்குச் சாவு இல்லையாகையால் அவளுக்குக் கைம்மையும் இல்லை, நித்தியசுமங்கலி. மாலை வேளையில் சுவாமிக்குக் கும்பாரத்தி எடுத்துத் திருஷ்டி கழிப்பாள், உற்சவத்தில் ஆடுவாள், முறை வைத்து ஊழியம் செய்வாள். ஊர்க் கல்யாணங்களில் மணப்பெண்ணின் தாலிக்குக் கருகமணி கோக்க இவளுடைய கையைத் தேடி வருவார்கள். அவள் வீட்டில் சொத்து மகளுக்குப் போகும். மகள் இல்லையென்றால் பெண் குழந்தையைத் தத்தெடுக்கலாம். மற்ற இந்துக் குடும்பங்களில் கணவனை இழந்த பெண்ணுக்குக் கணவன் சொத்தில் ஆயுள் வரையிலான அனுபவ உரிமை மட்டுமே இருந்த காலம் அது. முழு உரிமை வர 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எழுதப் படிக்கத் தெரிந்த, தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும் பாடம் கேட்ட, தன் பெயரில் வீடும் நிலமும் வைத்திருந்த பெண்கள் வேறு எந்த வீதியிலும் அத்தனை பேர் இருக்கவில்லை.

இதன் மறுபக்கத்தையும் அதே அழுத்தத்தோடு சொல்லியாக வேண்டும். பொட்டுக் கட்டப்படும் சிறுமியை யாரும் சம்மதம் கேட்கவில்லை. அவளுக்கு விருப்பம் சொல்லும் வயதும் இல்லை. பருவம் வந்ததும் மிராசுதாரோ ஜமீன்தாரோ வியாபாரியோ ஒரு புரவலர் வருவார். அவரைத் தீர்மானிப்பது வீட்டில் மூத்த தாய்க்கிழவி. 1855-ல் தஞ்சை மராட்டிய அரசு ஆங்கிலேயர் கைக்குப் போனதும் அரண்மனை ஆதரவு வற்றியது. கலைஞர்கள் சென்னைக்கு வந்தார்கள். ஜார்ஜ் டவுன் தெருக்களில் வாடகை வீடுகளில் குடியேறினார்கள். கோயில் மானியம் பல இடங்களில் பெயரளவில்தான் இருந்தது. கலையில் தேர்ந்த சில குடும்பங்கள் கச்சேரியால் பிழைத்தன. மற்றவர்களுக்குப் புரவலர்களை விட்டால் வேறு வழி இல்லை; அதுவும் மங்கிய இடத்தில் வறுமை உடலை விலை பேசியது. 1892-93-லேயே சென்னையில் சதிருக்கு, அதாவது தேவதாசிகளின் ஆட்டத்துக்கு, எதிர்ப்பு இயக்கம் கிளம்பியது. மைசூர் சமஸ்தானம் 1909-ல் தன் கோயில்களில் இந்த ஊழியத்தை நிறுத்தியது. மாற்றத்துக்கான நெருக்கடி சட்டசபைக்கு வெகு முன்னாலேயே தொடங்கிவிட்டது என்பதற்காகத்தான் இவற்றைச் சொல்கிறேன்.

இப்போது அந்த மூன்று பெண்கள்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபைச் சேர்ந்தவர். அந்த உறவுக்காகத் தந்தையைச் சொந்தக் குடும்பமே ஒதுக்கி வைத்தது. ஆண்கள் மட்டும் படித்த கல்லூரியில் பெண்ணைச் சேர்க்கக் கூடாது என்று எதிர்ப்பு வந்தபோது புதுக்கோட்டை மன்னர் தலையிட்டு இடம் கொடுத்தார். 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். தாய் வழி உறவில் எந்தப் பெண்ணுக்கு எது காத்திருக்கிறது என்பது அவருக்கு வீட்டுக்குள்ளேயே தெரியும். மருத்துவராக, நோய் வாங்கிய உடல்களையும் சிறு வயதிலேயே தாயான பெண்களையும் மேசை மேல் பார்த்தவர். 1926-ல் சட்டசபை நியமன உறுப்பினரானார். அடுத்த ஆண்டே துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, பொட்டுக் கட்டும் வழக்கத்தைத் தடுக்கச் சொல்லித் தீர்மானம் கொண்டுவந்தார். 1929-ல் அறநிலையச் சட்டத்தில் அவர் கொண்டுவந்த திருத்தம் நுட்பமானது. ஊழியம் செய்தால்தான் நிலம் என்றிருந்த நிபந்தனையை அறுத்து, நிலத்தை அந்தப் பெண்களுக்கே உரிமையாக்கியது. ஊழியத்தை விட்டால் சோற்றுக்கு என்ன செய்வது என்ற பயத்துக்கு அது பதில். அவரைக் கலை எதிரி என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிறவர்கள் இந்தத் திருத்தத்தைப் படிக்க வேண்டும். அவர் அந்தப் பெண்களின் வயிற்றை மறக்கவில்லை.

மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரின் பார்வை இன்னும் உள்ளேயிருந்து வந்தது. 1883-ல் திருவாரூரில் பிறந்த அவரை, பத்து ரூபாய்க்கும் ஒரு பழைய புடவைக்கும் மாயவரத்துக்கு அருகிலுள்ள மூவலூரில் ஒரு தாசி வீட்டில் விட்டுவிட்டார்கள் என்று அவர் வரலாறு சொல்கிறது. அந்த வீட்டின் கணக்கு வழக்கு, புரவலரைப் பிடிக்கும் தந்திரம், தாய்க்கிழவியின் அதிகாரம் எல்லாம் அவர் வாழ்ந்து கண்டவை. அந்த வாழ்க்கையை மறுத்து, தன் விருப்பப்படி இசை ஆசிரியர் சுயம்புப் பிள்ளையை மணந்தார். ஊர் ஊராகப் போய் பொட்டு அறுக்கச் சொல்லிப் பேசினார். காங்கிரஸிலிருந்து பெரியாரோடு வெளியேறி சுயமரியாதை இயக்கத்துக்கு வந்தார். 1936-ல் ‘தாசிகள் மோசவலை’ என்ற நாவலை வெளியிட்டார். முத்துலட்சுமி ரெட்டி சட்டத்தின் மொழியில் பேசியதை இவர் கோபத்தின் மொழியில் பேசினார். கோயில், புராணம், மிராசுதாரின் பணம், வீட்டுக்குள் கிழவியின் ஆட்சி எல்லாம் ஒரே வலையின் கண்ணிகள் என்பது அவர் வாதம். அவருக்கு இந்த முறையில் காப்பாற்ற ஒன்றுமே இல்லை. விற்கப்பட்ட குழந்தைக்கு அப்படித்தானே இருக்க முடியும்?

மூன்றாமவர் பெங்களூர் நாகரத்தினம்மாள், 1878-ல் பிறந்தவர். சங்கீதத்திலும் தெலுங்கு, கன்னட, சமஸ்கிருத இலக்கியங்களிலும் தேர்ந்தவர். 1910-ல், தஞ்சை அரசவையில் இருந்த முத்துப்பழனி என்ற தேவதாசி 18-ஆம் நூற்றாண்டில் எழுதிய தெலுங்குக் காவியத்தைச் சுவடி தேடிப் பதிப்பித்தார். பெண் ஒருத்தி தன் விழைவைப் பற்றித் தானே பாடியதை ஆபாசம் என்றார்கள் அன்றைய சீர்திருத்தவாதிகள். அரசு தடை செய்தது. அந்தப் பதிப்பை மீட்கப் போராடியவருக்கு, 1927-ல் தன் மரபையே குற்றம் சாட்டும் தீர்மானம் எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சென்னைத் தேவதாசிகள் சங்கம் அரசுக்கு மனு கொடுத்தபோது அதில் முன்நின்றவர்களில் நாகரத்தினம்மாளும் ஒருவர். தேவதாசியும் விலைமகளும் ஒன்றல்ல. எங்களை ஒருமுறைகூடக் கேட்காமல் எங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சட்டம் செய்யாதீர்கள். எங்களுக்குக் கல்வி கொடுங்கள், இழிவு தானே போகும் என்பது அந்த மனுவின் சாரம். பழமையைக் கட்டிக்கொண்டு அழுதவர்களின் மனுவாக எனக்கு அது படவில்லை. சட்டத்துக்கு மாற்றாகப் பள்ளிக்கூடம் கேட்ட மனு அது.

இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பார்வை என்பது பெரும்பாலும் ஒருவர் எந்தக் கதவு வழியாக அந்த வீட்டுக்குள் வந்தார் என்பதைப் பொறுத்தது. ஒருவர் தாயின் உறவாக வந்தார். ஒருவர் விலைக்கு வாங்கப்பட்டு வந்தார். ஒருவர் வித்தையின் வாரிசாக வந்தார். அவர்கள் கண்டது எல்லாமே அங்கே இருந்தது.

இதில் ஆண்களின் பங்கை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். சட்டசபையில் இந்த முயற்சியை எதிர்த்தவர்களில் முக்கியமானவர் காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி. கோயில் மரபும் கலையும் கெடும் என்பது அவர் கவலை. அவர் சிறந்த தேசபக்தர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பொட்டுக் கட்டப்பட்ட சிறுமியின் இடத்திலிருந்து அவர் பார்க்கவில்லை என்பதிலும் சந்தேகம் இல்லை. இன்னொரு பக்கம், அந்தச் சமூகத்து ஆண்களில் பலர் சீர்திருத்தத்தை ஆதரித்தார்கள். சுயமரியாதை உணர்வு அதற்கு ஒரு காரணம். வீடும் நிலமும் பெண்கள் பெயரில் இருந்த குடும்பத்தில் ஆண் நட்டுவனாராகவோ (ஆட்டம் கற்பித்துத் தாளம் போட்டு நடத்துபவர்) நாகஸ்வரக்காரராகவோ இரண்டாம் இடத்தில் இருந்தான். புதிய ஏற்பாட்டில் அவன் குடும்பத் தலைவன் ஆனான் என்பதும் ஒரு காரணம். சீர்திருத்தம் வந்த பிறகு நாகஸ்வரமும் தவிலும் அடங்கிய பெரிய மேளம் கோயிலிலேயே இருந்தது, டி.என். ராஜரத்தினம் பிள்ளை புகழின் உச்சியில் இருந்த காலம் அதுதான். பெண்களின் ஆட்டக் குழுவான சின்ன மேளம் மட்டும் கோயிலை விட்டு வெளியே போனது. ஒரே குடும்பத்தில் அண்ணனின் வித்தை புனிதமாக நிலைத்தது, தங்கையின் வித்தை குற்றமானது. இதைப் பற்றி அன்று யாரும் உரக்கப் பேசியதாகத் தெரியவில்லை என்பது எனக்கு இன்றும் வலிக்கிறது.

1930-ல் முத்துலட்சுமி ரெட்டி பொட்டுக் கட்டுவதைக் குற்றமாக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். அதே ஆண்டு காந்தி கைதானதைக் கண்டித்துப் பதவியை உதறினார். மசோதா கிடப்பில் போனது. ஆனால் அவருடைய வேலை நிற்கவில்லை. பொட்டுக் கட்டும் வாழ்க்கையிலிருந்து தப்பி வந்த பெண்களைச் சென்னையில் எந்த விடுதியும் சேர்த்துக்கொள்ளாதபோது அவர் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அதிலிருந்து வளர்ந்ததுதான் அவ்வை இல்லம். தீர்மானம் கொண்டுவந்தவர் தீர்மானத்தின் விளைவைத் தன் வீட்டுக் கூடத்தில் வைத்துப் பராமரித்தார். ஒரு கருத்து அதைக் கொண்டவரை எவ்வளவு தூரம் மாற்றும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வரை அந்தப் பாதை நீண்டது.

எதிர்த்தவரையும் அந்தப் போராட்டம் மாற்றியது. நாகரத்தினம்மாள் தன் நகைகளையும் சேமிப்பையும் செலவிட்டுத் திருவையாற்றில் சிதிலமாகக் கிடந்த தியாகராஜர் சமாதியைக் கோயிலாக எழுப்பினார். 1925-ல் குடமுழுக்கு நடந்தது. ஆனால் அங்கே தியாகராஜர் நினைவாக ஆண்டுதோறும் இசை ஆராதனையை நடத்திய இரு கட்சிகளும் (இசைக் கலைஞர்களின் குழுக்கள்) பெண்களைப் பாடவிடவில்லை. கட்டிடம் அவருடையது, வாசல் அவருக்கு இல்லை. 1927-ல், மனு கொடுத்த அதே காலத்தில், சமாதிக்குப் பின்புறம் பெண்கள் கட்சி என்று தனி ஆராதனையைத் தொடங்கினார். சென்னையிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் பெண் கலைஞர்கள் அவரோடு வந்து பாடினார்கள். 1940-ஐ ஒட்டி எல்லாக் கட்சிகளும் ஒன்றாயின. பெண்களும் சமமாகப் பாட உரிமை வந்தது. இன்று தை மாதப் பகுள பஞ்சமியில் திருவையாற்றில் உட்கார்ந்து பஞ்சரத்தினக் கீர்த்தனை பாடும் நூற்றுக்கணக்கான பெண்கள் அவர் திறந்த வாசல் வழியாக வந்தவர்கள்தாம். சட்டசபை விவாதத்தில் அவரைப் பழமைவாதி என்று குறித்துக்கொள்கிறவர்கள், திருவையாற்றில் அவரை என்னவென்று குறிப்பார்கள்? ஒரு மனிதர் ஒரு விஷயத்தில் பழமைக்காகவும் இன்னொன்றில் புதுமைக்காகவும் நிற்கலாம். இரண்டுக்கும் வேர் ஒன்றாகவும் இருக்கலாம். அவருக்கு அந்த வேர், கலைஞரான பெண்ணின் மானம்.

கலை என்ன ஆனது என்பது தனிக் கதை. கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம் அது. 1932-ல், முதலமைச்சராகப் பொறுப்பேற்ற பொப்பிலி ராஜாவுக்கு நடந்த வரவேற்பில் சதிர்க் கச்சேரி இடம்பெற்றது. முத்துலட்சுமி ரெட்டி கண்டித்தார். வழக்கறிஞர் ஈ. கிருஷ்ண ஐயர் பத்திரிகையில் பதில் எழுதினார். முறை ஒழியட்டும், ஆட்டம் வாழட்டும் என்பது கிருஷ்ண ஐயரின் நிலை; அவரே பெண் வேடமிட்டு சதிர் ஆடிக்காட்டியவர். ஆட்டம் இருக்கும்வரை முறையை ஒழிக்க முடியாது என்பது முத்துலட்சுமி ரெட்டியின் அச்சம். அந்த வாதம் பல நாட்கள் பத்திரிகையில் நடந்தது. அதற்கு முன்பே, 1931-ல், சென்னை மியூசிக் அகாதெமி, தேவதாசி மரபைச் சேர்ந்த கல்யாணி என்பவருடைய மகள்களின் ஆட்டத்தை மேடையேற்றியிருந்தது. சதிருக்குப் பரதநாட்டியம் என்ற பெயர் நிலைபெற்றதும் இந்த ஆண்டுகளில்தான்.

1933-ல் அதே அகாதெமியில் பந்தநல்லூர் மரபில் வந்த சகோதரிகளின் ஆட்டத்தைப் பார்த்த ருக்மிணி தேவி, பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பயின்று 1935-ல் அடையாறு தியசாபிகல் சொசைட்டியில் அரங்கேறினார். பிராமணப் பெண் மேடையில் ஆடுவதா என்று ஊர் கொதித்தது. பதினாறு வயதில் ஆங்கிலேயரை மணந்தபோதே ஊரின் வாயைப் பார்த்தவர் அவர், அசரவில்லை. அடுத்த ஆண்டு கலாக்ஷேத்ரா பிறந்தது.

அவர் செய்த மாற்றங்களை அருகில் போய்ப் பார்த்தால்தான் எவ்வளவு மாறியது என்பது தெரியும். சதிரில் மிருதங்கக்காரர் வாத்தியத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு, நட்டுவனார் தாளத்தோடு, ஆடுகிறவளின் பின்னால் நின்றுகொண்டே அவள் முன்னே வந்தால் முன்னும் பின்னே போனால் பின்னும் நகர்வார்கள். பாட்டும் ஆட்டமும் ஒரே திரளாக மேடையில் அசையும். ஆடுகிறவளே பாடவும் செய்வாள். ருக்மிணி தேவி வாத்தியக்காரர்களை மேடையின் ஓரத்தில் உட்காரவைத்தார். கோயில் சிற்பங்களைப் பார்த்து உடையை வடிவமைத்தார். மேடையில் நடராஜர் வந்தார், ஒளியமைப்பு வந்தது. சிருங்காரப் பதங்களில், அதாவது காதல் சுவைப் பாடல்களில், மிகை என்று தனக்குப் பட்டதை விலக்கினார். 1940-களில் பரம்பரை நட்டுவனார்கள் விலகியதும், தம் மாணவிகளே நட்டுவாங்கம் (தாளம் போட்டு ஆட்டத்தை நடத்துவது) செய்யும்படி பயிற்சி கொடுத்தார். ஆயிரக்கணக்கான நடுத்தரக் குடும்பப் பெண்கள் சலங்கை கட்டியது அவரால். அதை நான் சிறிதும் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் தஞ்சாவூர் பாலசரஸ்வதி இருந்தார். தேவதாசி மரபில் வந்தவர், வீணைக் கலைஞர் வீணை தனம்மாளின் பேத்தி. தஞ்சை நால்வர் என்ற நாட்டிய ஆசான்களின் வழிவந்த கந்தப்பப் பிள்ளையின் மாணவி. 1925-ல் ஏழு வயதில் காஞ்சிபுரத்தில் அரங்கேறியவர். தன் மரபைச் சேர்ந்த மற்றப் பெண்கள் ஒவ்வொருவராக ஆட்டத்தை விட்டுவிட்டு, பரம்பரையை மறைத்துக்கொண்டு, மணம் முடித்து ஒதுங்கிய காலத்தில் அவர் ஆடிக்கொண்டே இருந்தார். சிருங்காரத்தை நீக்க வேண்டும் என்ற வாதத்தை அவர் ஏற்கவே இல்லை. அது பக்திக்கு எதிரானதல்ல, பக்தியின் உச்சமே அதுதான்; அதில் அழுக்கு இருந்தால் அது பார்க்கிறவரிடம் இருக்கிறது என்ற அளவுக்கு உறுதியாக நின்றார். 1975-ல் தமிழிசைச் சங்க மாநாட்டுத் தலைமை உரையில், அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் கச்சேரி அமைப்பைக் கோபுர வாசலிலிருந்து மண்டபங்கள் வழியாகக் கருவறைக்குப் போகும் நடையாக விளக்கினார். கோயிலை விட்டு வெளியேற்றப்பட்ட மரபின் பெண், தன் கச்சேரியே கோயில் என்று சொன்னார். 1973-ல் மியூசிக் அகாதெமி அவருக்கு சங்கீத கலாநிதி பட்டம் கொடுத்தது.

இரண்டு பேரில் யார் சரி? என் மாணவிகள் இதைக் கேட்காமல் விட்டதில்லை. என் தனிப்பட்ட ரசனை பாலசரஸ்வதியின் பக்கம், மறைக்கத் தேவையில்லை. ஆனால் ருக்மிணி தேவியின் மாற்றம் இல்லையென்றால், அவமானம் பூசப்பட்ட அந்தக் கலையை அடுத்த தலைமுறை தொட்டிருக்குமா என்பது எனக்கு நிச்சயமில்லை. பாலசரஸ்வதியின் பிடிவாதம் இல்லையென்றால், தொட்ட கலையில் பழைய உயிர் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்பதும் நிச்சயமில்லை. இன்று நல்ல ஆசிரியர் எவரும் இருவரிடமிருந்தும் எடுத்துக்கொள்கிறார்.

அந்தச் சட்டம் சரியா தவறா என்பதில் மட்டும் எனக்குத் தயக்கம் கிடையாது. 1947-ஆம் ஆண்டின் சென்னை தேவதாசிகள் தடுப்புச் சட்டம் வந்தே தீர வேண்டிய சட்டம். சம்மதம் சொல்லத் தெரியாத வயதில் ஒரு குழந்தையின் உடலையும் எதிர்காலத்தையும் ஒப்புக்கொடுக்கும் வழக்கத்தை எந்தக் கலையின் பெயராலும் நியாயப்படுத்த முடியாது. பொட்டுக் கட்டப்பட்டவள் என்பதால் ஒரு பெண்ணின் திருமணம் செல்லாது என்று இனி யாரும் சொல்ல முடியாதபடியும் அந்தச் சட்டம் செய்தது. முத்துலட்சுமி ரெட்டியும் ராமாமிர்தம் அம்மையாரும் அந்த இடத்தில் வெற்றி பெற்றது நியாயமே.

அதே சட்டத்தின் இன்னொரு பிரிவு, கோயில் வளாகத்திலும் சுவாமி ஊர்வலத்திலும் பெண் ஆடுவதையே சட்டவிரோதம் ஆக்கியது. பொட்டுக் கட்டுவதைத் தடுக்க அது தேவைதானா? ஆட்டம் இருந்தால் முறையும் இருக்கும் என்ற 1932-ஆம் ஆண்டு அச்சம் அப்படியே சட்டத்துக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. முறை அறிந்த முதிய பெண்கள் அப்போது உயிரோடு இருந்தார்கள். எந்தத் திருவிழாவில் எந்த வீதி முனையில் எந்த உருப்படி என்பதெல்லாம் அவர்கள் நினைவில் இருந்தது. அவர்களை உட்காரவைத்து யாராவது கேட்டிருந்தால் வழக்கத்தை ஒழித்து வித்தையைக் காத்திருக்க முடியும். கேட்கவில்லை. 1981-ல் சிதம்பரத்தில் நாட்டியாஞ்சலி தொடங்கி, கோயிலில் மீண்டும் சலங்கை ஒலித்தபோது ஆடியவர்கள் வேறு வீடுகளைச் சேர்ந்தவர்கள். அவர்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. நானும் என் மாணவிகளை அங்கே அனுப்பியிருக்கிறேன். ஆனால் அந்த மேடையில் பழைய வீதிகளின் பேத்திகள் எத்தனை பேர் என்று தேடாமல் என்னால் பார்க்க முடியவில்லை.

சொத்து விஷயத்திலும் இப்படித்தான். தாய் வழி வாரிசுரிமை போய், மற்றக் குடும்பங்களைப் போலத் தந்தை வழி வந்தது. அந்தப் பழைய ஏற்பாட்டின் தடம் இன்று நமக்குத் தெரிந்த சில முன்னெழுத்துகளில் மட்டும் இருக்கிறது: எம்.எஸ். சுப்புலட்சுமியின் ‘எஸ்’ தாய் சண்முகவடிவு; எம்.எல். வசந்தகுமாரியின் ‘எல்’ தாய் லலிதாங்கி.

ஆகவே உங்கள் சந்தேகத்துக்கு என் பதில் இது. எதிரெதிராகப் பேசும் இருவரில் ஒருவர் தவறாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் எல்லோரும் சரி என்று சொல்லி ஒதுங்கிக்கொள்வதும் கோழைத்தனம். எந்தக் கேள்விக்கு யாருடைய பதில் சரி என்று பிரித்துப் பார்க்க வேண்டும். குழந்தைக்குப் பொட்டுக் கட்டலாமா என்ற கேள்விக்கு ராமாமிர்தம் அம்மையாரின் பதிலே பதில். சம்பந்தப்பட்ட பெண்களைக் கேட்காமல் சட்டம் செய்யலாமா என்ற கேள்விக்கு நாகரத்தினம்மாளின் பதிலே பதில். 20 ஆண்டு விவாதத்தில் இந்த இரண்டு கேள்விகளும் ஒன்றாகவே குழப்பப்பட்டன. முதல் கேள்வியில் தோற்றவர்களின் குரல், இரண்டாவது கேள்விக்கும் சேர்த்து அமுக்கப்பட்டது. நம் காலத்து விவாதங்களிலும் இதே தவறு நடப்பதைப் பார்க்கிறேன். பாலியல் தொழிலாளர்கள் தொடர்பான சட்டமானாலும், பழங்குடியினரைக் காட்டிலிருந்து இடம் மாற்றும் திட்டமானாலும், பேசுகிறவர்கள் நல்லவர்களாக இருப்பதே போதும் என்று நினைத்துவிடுகிறோம்.

கடைசியாக ஒரு தகவல். 1989-ல் தமிழக அரசு ஏழைப் பெண்களுக்கான திருமண உதவித் திட்டத்துக்கு மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரின் பெயரை வைத்தது. பின்னர் அதில் தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. 2022-ல் அதை உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றினார்கள். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய், படிப்பு முடியும் வரை. புதுமைப் பெண் திட்டம் என்று எல்லோருக்கும் தெரிந்தது அதுதான். 1927-ல் எதிர் அணியில் நின்ற சங்கத்துப் பெண்கள் தங்கள் மனுவில் கேட்டதும் படிப்பைத்தான்.